காலும் காகிதமும்

பொம்மையார்பாளையத்தில் விடிகாலை ஐந்தரைக்கு ஓட இறங்குகிற பிள்ளைக்கு மூன்று தரை உண்டு. கடல் அரித்தது போக மிஞ்சியிருக்கும் மணல் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் இன்னொன்று. மேற்கே ஏறிப் போனால் ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை. மணல் கெண்டைக்காலை இறுக்கும், ஆனால் நேரம் காட்டாது. சாலையோரம் சென்னை போகிற வண்டிகளுக்குத்தான் சொந்தம், அங்கே ஓடாதீர்கள். செம்மண்தான் நல்லது. நூறு மீட்டரை டேப்பால் அளந்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் அதுவே உங்கள் ட்ராக்.

இப்படி ஓடி ஓடிப் பிளஸ் டூவுக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கும், "இந்த ஓட்டத்துக்கு ஒரு காலேஜ் சீட்டு கிடைக்குமா சார்?" என்று கேட்கிற அப்பா அம்மாவுக்கும் இந்த அத்தியாயம். கிடைக்கும். ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் பரிசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அரசுக் கலந்தாய்வில் அது ஓரளவு பரிசுதான். இதுவரை நீங்கள் ஓடியதற்குச் சான்றிதழைப் பார்த்து மதிப்பெண் போட்டு இடம் தருகிறார்கள். தனியார் கல்லூரியும் உதவிபெறும் கல்லூரியும் கொடுக்கிற சீட்டு வேறு. அங்கே பிசிகல் டைரக்டர் உங்கள் பழைய மெடலை ஒரு நிமிடம்தான் பார்ப்பார். அடுத்த மூன்று வருடம் கல்லூரி பனியனைப் போட்டுக்கொண்டு நீங்கள் எத்தனை பாயிண்ட் எடுத்துத் தருவீர்கள் என்பதுதான் அவர் மனசில் ஓடும் கணக்கு. முதல் கதவைத் திறப்பது காகிதம். இரண்டாவதைத் திறப்பது கால். கதவை மாற்றித் தட்டிவிட்டு அழுத பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். மாநில மெடல் இருந்தும் ஃபைல் இல்லாதவன் கலந்தாய்வுக்குப் போய் நிற்பான். இன்னொரு பிள்ளைக்கு ஃபைல் கொழுத்திருக்கும், ஆறு மாதமாக ஓடவே இல்லை. அந்தப் பிள்ளை ட்ரையல்ஸுக்குப் போய் நிற்கும்.

எந்த ஊர் பனியன்?

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேறு எந்த வழிகாட்டியிலும் இதைப் பார்க்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். தெற்கே முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. நடுவில் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுத் துண்டு நாம். மாவட்டத் தலைநகருக்குப் போகப் புதுச்சேரியில்தான் பஸ் மாற வேண்டும். அதனால் பல வீடுகளில் பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். பஸ் வசதி, பள்ளி வசதி என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் ஓடுகிற பிள்ளைக்கு அதன் விலை பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 2024இல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் இதே மாதிரி தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. புதுச்சேரி அரசுப் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. வெளியே படித்தவர்கள் தாலுகா அலுவலகத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அது வானூர்.

சரி, புதுச்சேரிப் பக்கமாவது திறந்திருக்குமா? அங்கே கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் புதுச்சேரிக் குடியிருப்பைப் பார்க்கும். உங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. அங்கே நீங்கள் வெளிமாநிலத்துப் பிள்ளை.

இதில் ஆசை காட்டுகிற விஷயம் ஒன்றும் உண்டு. புதுச்சேரிப் பள்ளியில் படித்தால் பள்ளி விளையாட்டில் புதுச்சேரி அணிக்காக ஓடலாம். சின்ன யூனியன் பிரதேசம். போட்டிக்கு ஆள் குறைவு. தமிழ்நாட்டில் மாநில ஃபைனலுக்கே வர முடியாத நேரத்தை வைத்துக்கொண்டு அங்கே தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போய்விடலாம். "நேஷனல் போய்ட்டு வந்திருக்கான்" என்று ஊரே பேசும். ஆனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அந்த பனியனுக்கு என்ன மதிப்பு என்பதை, பள்ளியில் சேர்க்கும் முன்பே அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் தேடிப் படியுங்கள். எந்த மாநிலத்துக்காக ஆடிய சான்றிதழ் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் ஏழு வருடம் ஓடுவது நியாயமில்லை.

என் கருத்தைக் கேட்டால்: கல்லூரிப் படிப்பு தமிழ்நாட்டில்தான் என்று முடிவு செய்துவிட்ட வீட்டில், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் போடுங்கள். பயிற்சிக்குப் புதுச்சேரி மைதானத்துக்குப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் பெயர் பதிந்து, இந்த வாரம் இங்கே அடுத்த வாரம் அங்கே என்று ஓடுவது மட்டும் வேண்டாம். என்றாவது ஒரு நாள் அது வெளியே வரும், வரும்போது இரண்டு சான்றிதழும் போய்விடும்.

செல்லுகிற தாள், செல்லாத தாள்

நம் பக்கத்து வீடுகளில் ஆணியில் தொங்கும் மெடல்களைப் பார்த்திருக்கிறேன். பாதி ஆரோவில் மாரத்தானில் ஓடி முடித்ததற்குக் கொடுத்தது. மீதியில் பாதி, கல்லூரி விழாவில் நடக்கும் மினி மாரத்தான், ரோட்டரி சங்கம் நடத்திய ஓட்டம் என்று போகும். ஓடியதற்குப் பெருமைப்படுங்கள். ஆனால் சேர்க்கையில் இவை எதற்கும் மதிப்பெண் கிடையாது. அழைப்புப் போட்டி, கிளப் போட்டி, சாலை ஓட்டம் எதுவும் கணக்கில் வராது.

கணக்கில் வருவது இரண்டு ஏணிகள். ஒன்று பள்ளிக் கல்வித் துறையின் ஏணி. குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் தாண்டி, குடியரசு தின மாநிலப் போட்டி வரை போய், அங்கிருந்து இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிக்கு ஏறும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். இன்னொன்று சங்கங்களின் ஏணி. மாவட்டத் தடகளச் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு தடகளச் சங்கம், அதற்கும் மேல் இந்தியத் தடகளக் கூட்டமைப்பு. கூட்டமைப்பின் போட்டியில் ஓட அதன் அடையாள எண் வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பிலேயே பதிந்துவிடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் செல்போனை வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள். முதலமைச்சர் கோப்பை மூன்றாவது வழி. மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதல் மூன்று இடங்களுக்கு 1 லட்சம், 75,000, 50,000 ரூபாய் பரிசு. நம் வீடுகளில் அது ஒரு வருடத்துக் கல்லூரிச் செலவு.

ஒரே ஏணியில் மட்டும் ஏறுகிற பிள்ளைகள் அதிகம். பள்ளிப் போட்டிக்கு பி.இ.டி. சார் அழைத்துப் போவார். சங்கப் போட்டிக்கு நாமேதான் போக வேண்டும். அந்தச் சோம்பல்தான் காரணம். இரண்டிலும் ஏறுங்கள். ஒரு வருடம் பள்ளிப் போட்டி தள்ளிப்போனாலும் நடக்காமல் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். கொரோனா காலத்தில் பள்ளிப் போட்டிகளை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சான்றிதழ் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது படத்தையோ முத்திரையையோ இல்லை, பெயரை. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பிரிவு, இடம், போட்டி நடந்த தேதி, கையெழுத்து, சீல். இதில் ஒன்று தவறினாலும் அந்த இடத்திலேயே திருத்தி வாங்குங்கள். கலந்தாய்வுக்கு வெறும் சான்றிதழ் போதாது. கையேட்டில் கொடுத்திருக்கும் படிவத்தில், போட்டியை நடத்திய அமைப்பின் பொறுப்பாளர் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பொறுப்பாளர் சென்னையில் இருப்பார், ஜூன் மாதத்தில் அவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். முன்னாலேயே போங்கள்.

என் மாணவி ஒருத்தி தடை ஓட்டத்தில் மாநில அளவில் இடம் பிடித்தவள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். உப்புக் காற்றில் சான்றிதழ் நைந்துபோகும் என்று ஆசையாக எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்திருந்தார். சரிபார்க்கும் இடத்தில் பின்பக்கம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். பிளாஸ்டிக்கின் மேல் யார் கையெழுத்துப் போடுவது? புதுச் சான்றிதழ் வாங்குவதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது. லேமினேட் செய்யச் சொன்னதே நான்தான் என்பதை இத்தனை வருடம் கழித்தும் மறக்க முடியவில்லை. பிளாஸ்டிக் உறையில் செருகி வையுங்கள், ஒட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்து இரண்டு பேர் செல்போனில் வையுங்கள்.

அடுத்தது வயது. வயதைக் குறைத்து ஓட வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பதினாறில் மெடல் வரும், அதற்குப் பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு தேதி, தடகளச் சான்றிதழில் ஒரு தேதி என்று நிற்கும். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு வயதுச் சோதனையைத் தீவிரமாகவே செய்கிறது. உங்களிடம் இப்படிச் சொல்லும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகுங்கள்.

நேரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்

பிசிகல் டைரக்டர் போனில் கேட்கும் முதல் கேள்வி "என்ன ஈவென்ட், என்ன டைமிங்?" அதற்கு "நல்லா ஓடுவான் சார்" என்று பதில் சொல்லக் கூடாது.

ஸ்டாப் வாட்சில் எடுத்த நேரமும் எலக்ட்ரானிக் நேரமும் ஒன்றல்ல. துப்பாக்கிப் புகையைப் பார்த்துவிட்டு விரல் அழுத்தக் கொஞ்சம் தாமதமாகும். முடிவுக் கோட்டில் ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முந்திக்கொள்ளும். அதனால் கையால் எடுத்த நேரம் எப்போதும் அழகாகத் தெரியும். நூறுக்கும் இருநூறுக்கும் 0.24 நொடி, நானூறுக்கு 0.14 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம். உங்கள் சார் எடுத்த 11.3 என்பது 11.54. மூன்று சார்கள் மூன்று வாட்சில் எடுத்திருந்தால் நடுவில் உள்ளதைச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று முதுகில் தள்ளும்போது எடுத்த நேரத்தை நம்பாதீர்கள். நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று அடித்தால் நூறு, இருநூறு, நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் எதிலும் சாதனையாக ஏற்பதில்லை.

நேரத்தைச் சொல்லும்போது போட்டியின் பெயர், தேதி, கையா எலக்ட்ரானிக்கா, எத்தனையாவது இடம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள் என்று அறிவுரைக்காகச் சொல்லவில்லை. ட்ரையல்ஸில் பிளாக்கில் உட்கார்ந்த பதினோராவது நொடியில் பொய் வெளியே வந்துவிடும்.

அரசுக் கதவு

பொறியியலுக்கான தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான். கபடி, கைப்பந்து, நீச்சல், சதுரங்கம் எல்லோரும் அந்த வரிசையில் இருப்பார்கள். எம்.பி.பி.எஸ்ஸில் 7 இடம், பல் மருத்துவத்தில் 1. அந்த எட்டு இடத்தை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம், ஆனால் நீட் எழுதுகிறவர் விண்ணப்பிக்காமலும் விட வேண்டாம். பொறியியலில் கணிதம், இயற்பியல், வேதியியலில் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு: பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 40. மெடல் இதை மன்னிக்காது. பிப்ரவரியில் ப்ராக்டிகலை விட்டுவிட்டு மீட்டுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும். மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான். அந்தத் தேதி தெரியாமல் பொதுக் கலந்தாய்வு நாளில் சான்றிதழோடு வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. விண்ணப்பிக்கும்போதே சிறப்புப் பிரிவுக் கட்டத்தில் குறியிட வேண்டும்.

நம் பிள்ளைகள் இளக்காரமாக நினைக்கும் கதவும் இதுதான். "திண்டிவனம் கவர்மென்ட் காலேஜா?" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். வானூர், திண்டிவனம், விழுப்புரம் அரசுக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சென்னையில் பெயர் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் தடகளப் போட்டியில் லயோலாவையும் மற்றவர்களையும் தாண்டித்தான் பல்கலை அணிக்குள் வர முடியும். ஒரு ஈவென்ட்டுக்கு ஓரிருவரைத்தான் அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவார்கள். மூன்று வருடமும் ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் படித்து அண்ணாமலை பனியனில் அகில இந்தியப் போட்டிக்குப் போனவரும் அதே தேசிய அளவிலான பல்கலைக்கழகச் சான்றிதழைத்தான் வாங்குகிறார். ரயில்வே, அஞ்சல் துறை என்று மத்திய அரசின் விளையாட்டு வேலைவாய்ப்பில் அந்தச் சான்றிதழுக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலும் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பல்கலை அணிக்குள் வர முடியுமா என்ற அதே கணக்கில்தான் எஸ்.ஆர்.எம்., சத்யபாமா மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் பார்க்க வேண்டும். அங்கே கல்லூரி அணியே பல்கலை அணி.

உடற்கல்வியையே படிக்க விரும்பினால் ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய, இப்போது சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

படிப்பிலும் கெட்டிக்காரப் பிள்ளையா? சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டு வழிச் சேர்க்கை தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு இளநிலைப் பாடப்பிரிவிலும் கூடுதலாக இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். கடைசி நான்கு வருடத்தில் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு மெடலாவது வேண்டும். தடகளம் பட்டியலில் உண்டு. இதற்கு, ஐ.ஐ.டி. இடங்களுக்கான பொதுக் கலந்தாய்வான ஜோசா வழியாகப் போவதில்லை, ஐ.ஐ.டி.யின் தனி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளை விழுப்புரம் மாவட்டத்திலிருந்து போவதைப் பார்க்க எனக்கு ஆசை.

ட்ரையல்ஸ்

தனியார் கல்லூரிகளின் ட்ரையல்ஸ் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் பஸ் போய்விடும். பொதுத் தேர்வுக்காக ஜனவரியிலிருந்து ஓடாமல் இருந்துவிட்டு ஏப்ரலில் பிளாக்கில் உட்கார்ந்தால் தொடைத் தசை கிழியும். தேர்வுக் காலத்திலும் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் செம்மண்ணில் ஓடுங்கள். படிப்புக் கெடாது.

முதல் நாள் இரவே சென்னைக்குப் போய்த் தங்குங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் முழங்கால் மடக்கி வந்தவன் காலையில் ஓடும் ஓட்டம் அவனுடையதாக இருக்காது. ஸ்பைக்ஸ் இருந்தால் ஏற்கெனவே போட்டுப் பழகியதை எடுத்துப் போங்கள். புதிதாகக் கடன் வாங்கிய ஸ்பைக்ஸைவிட வெறுங்கால் மேல்.

தேர்வானதும் "ஃப்ரீ சீட்டு" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையில் எத்தனை அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ட்யூஷன் ஃபீஸ் மட்டுமா? பரீட்சைக் கட்டணம்? விடுதி வாடகை? மெஸ்? முட்டையும் பாலும் மெஸ்ஸிலா தனியாகவா? மீட்டுக்குப் போகும் ரயில் காசு யார் கொடுப்பது? இவற்றைக் கேட்க அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். சும்மா கொடுக்கிறவரிடம் கணக்குக் கேட்பதா என்று. அவர் சும்மா கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளை தினம் இரண்டு வேளை ஓடி அந்தக் கட்டணத்தைக் கட்டப்போகிறான்.

ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்: அடிபட்டால் என்ன ஆகும்? ஓடுகிறவருக்கு மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது தசைப்பிடிப்போ, முழங்காலோ, முன்கால் எலும்பு வலியோ வந்தே தீரும். அந்த வருடம் சலுகை தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, ஓட முடியாமலே போனாலும் பட்டத்தை முடிக்க விடுவார்களா? எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டாம் வருடத்தில் தொடை கிழிந்து உட்கார்ந்தான். மூன்றாம் வருட ஃபீஸை முழுதாகக் கட்டச் சொன்னார்கள். வாய்வார்த்தையாகப் பேசியது, காட்ட ஒரு துண்டுச் சீட்டில்லை. அவன் இப்போது மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறான். கல்லூரியின் லெட்டர்பேடில், சலுகை எது எது, எத்தனை வருடம், அடிபட்டால் என்ன என்று நான்கு வரி போதும். எழுதித் தர மறுக்கும் கல்லூரியை, எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும், இரண்டாவது இடத்தில் வையுங்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் மாற்றுச் சான்றிதழையும் ட்ரையல்ஸ் அன்றே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டால் வேறு கதவைத் தட்ட முடியாது.

வெளிமாநிலத்திலிருந்தும் அழைப்பு வரலாம். கர்நாடகாவில் மூடுபிதிரேயில் உள்ள ஆல்வாஸ் கல்வி நிறுவனம் தடகளப் பிள்ளைகளைத் தத்தெடுத்துக் கட்டணமும் தங்குமிடமும் உணவும் கொடுப்பதில் பெயர் பெற்றது. தமிழ்ப் பிள்ளைகள் அங்கே நிறையப் போயிருக்கிறார்கள். போவதில் தவறில்லை. வீட்டை விட்டு இருக்கத் தெரிந்த பிள்ளையா என்று மட்டும் பாருங்கள்.

சக்கிமங்கலத்துப் பெண்

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4×400 ரிலேயில் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி ஆரம்மாள். பள்ளி நாட்களில் ஒரு மண்டலப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் பேசிப் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். கல்லூரிப் போட்டிகளிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். 2016இல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 100, 200, 4×100 ரிலே மூன்றிலும் தங்கம். நானூறுக்கு மாறியது அதற்குப் பிறகு பாட்டியாலா பயிற்சி முகாமில்.

இந்தக் கதையை எல்லோரும் வெறுங்காலுக்காகச் சொல்வார்கள். நான் சொல்வது கண்ணனுக்காக. ஒரு கல்லூரியின் பிசிகல் டைரக்டரைத் தெரிந்த, ஒரு பாட்டியிடம் பேசும் பொறுமையுள்ள ஒரு பெரியவர் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் ஓட்டம் சக்கிமங்கலத்தோடு நின்றிருக்கும். உங்கள் பி.இ.டி. சாரையோ, மாவட்ட விளையாட்டு அலுவலகத்துப் பயிற்சியாளரையோ பதினோராம் வகுப்பிலேயே போய்ப் பாருங்கள். "சார், எந்தக் காலேஜ்ல எனக்குப் பேச முடியும்?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவருக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியாது.

பெண்பிள்ளை வீட்டாருக்குத் தனியாக: விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்குப் பயிற்சி முடிகிறது, யார் கூட வருகிறார்கள், வெளியூர் மீட்டுக்குப் பெண் பொறுப்பாளர் வருவாரா என்று கேளுங்கள். கேட்பதால் சீட்டுப் போகாது.

அமெரிக்கா

யூடியூபைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முடியாததில்லை. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 2017இல் முழு உதவித்தொகையோடு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018, 2022 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரிகளின் உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். ஆனால் போகும்போதே அவர் கையில் தேசிய சாதனை இருந்தது.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள்தான் ஓட்டத்துக்குப் பணம் தரும். மூன்றாம் பிரிவு தராது. என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிய வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பார்ப்பார்கள், ஆங்கிலத் தேர்வு உண்டு. ஓட்டத்தின் நேரத்தையும் வீடியோவையும் நேராகப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், தரகர் தேவையில்லை. லட்சங்களைக் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். தேசிய ஜூனியரில் மெடல் வாங்கும் அளவு இல்லாத பிள்ளைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

போகிறபோக்கில் ஒன்று. ஜிம்மில் "ரெக்கவரிக்கு நல்லது" என்று டப்பாவிலிருந்து எடுத்துத் தரும் பொடி எதையும் குடிக்காதீர்கள். சோதனையில் அகப்பட்டால், தெரியாமல் குடித்தேன் என்பது பதிலாகாது. உடம்புக்குள் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு.

இப்போது இந்தப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி மூடிவிட்டு, அம்மாவைக் கேட்டு பீரோவிலிருந்து உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். ஆதார் அட்டையையும், கடைசியாக வாங்கிய ஓட்டச் சான்றிதழையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலை ஓடி முடித்ததும் குளித்துவிட்டு வானூர் பஸ்ஸைப் பிடியுங்கள்.